குருகுலப் பணமும் ராசிபுரத்து டாக்டரும்

பொதுஜனங்களின் பணத்தில் நடக்கும் ஒரு கல்விச்சாலையில் அந்தப் பணம் எவ்வாறு செலவாகிறது, பிள்ளைகள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள், தலைமை ஸ்தானத்தில் இருப்பவர் கொடுத்த வாக்கின்படி நடக்கிறாரா என்று கேட்பதற்குப் பொதுஜனங்களுக்கு உரிமை உண்டா? உண்டென்று இப்பொழுது சட்டமே சொல்லுகிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் நிர்வாகக் கமிட்டி ஒன்று அமைய வேண்டுமென்றும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்றும், பள்ளிக்கு வரும் நிதி எந்த வழியில் வந்ததாயினும் அதன் செலவைக் கமிட்டி கண்காணிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. நாமக்கல், சேலம் ஜில்லாக்களின் கிராமப் பள்ளிகளில் இக்கமிட்டிகளில் உட்கார்ந்திருக்கும் தறிக்காரரும் உழவரும், நூறு வருஷங்களுக்கு முன் இதே கேள்வியைத் தங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் கேட்டார் என்பதையும், கேட்டதனால் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது என்பதையும் அறிவார்களோ, அறியோம். அவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு.

ராசிபுரத்தில் 1887-ல் பிறந்தவர் நாயுடு. அவ்வூர் அக்காலத்தில் சேலம் ஜில்லாவில் இருந்தது. 1997-ல் நாமக்கல் தனி ஜில்லாவானபோது அதனுடன் சேர்ந்தது. நெய்க்கும் தறிக்கும் பெயர்போன ஊர். நாயுடு நாட்டு வைத்தியம் கற்று, அதில் கைராசிக்காரர் என்று பெயரெடுத்து, பொருளும் சம்பாதித்தார். டாக்டர் என்ற பட்டம் அவருக்கு வந்தது அந்த வைத்தியத்தினால்தான். ஹோம் ரூல் கிளர்ச்சிக் காலத்தில் வைத்தியத்தைக் கைவிட்டுத் தேசத் தொண்டில் இறங்கினார். மருந்துப் பையை வைத்துவிட்டு மேடை ஏறியவர் மறுபடியும் அதைத் தீவிரமாகத் திறக்கவில்லை.

அந்நாளில் சேலம் சாமானியமான ஊரன்று. 1920-ல் நாகபுரி காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்த விஜயராகவாச்சாரியார் அங்கே வக்கீல். 1917 முதல் 1919 வரை முனிசிபல் சேர்மனாக இருந்த ராஜகோபாலாச்சாரியாரும் அங்கே வக்கீல். இவ்விருவருக்கும் இடையே, ஆங்கிலச் சட்டப்படிப்பு இல்லாமல், தமிழிலேயே பேசித் தமிழிலேயே எழுதித் தலைவரானவர் நாயுடு. 1918-ல் மதுரையில் செய்த பிரசங்கத்துக்காக அவர்மேல் வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் ஆச்சாரியார். இந்தச் சிநேகத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மேலே வரும் கதைக்கு இது வேண்டும். பிரபஞ்சமித்திரன் பத்திரிகையை நடத்தி அதன் எழுத்துக்காகச் சிறை சென்றார். அந்நிய சர்க்காருக்கு வருமான வரி கட்ட மறுத்தும் சிறை சென்றார். பின்னர் சேலத்திலிருந்து தமிழ்நாடு என்னும் பத்திரிகையை வெளியிட்டார். அது சென்னைக்குப் போய் நாளிதழான பின்பும் அதன் தமிழில் சேலத்துச் சந்தைக்காரனுக்கு விளங்காத வாக்கியம் இருந்ததில்லை என்று சொல்லுவார்கள். ஈ. வெ. ராமசாமி நாயக்கர், வரதராஜுலு நாயுடு, கலியாணசுந்தர முதலியார் என்னும் மூவரையும் சேர்த்து நாயக்கர், நாயுடு, முதலியார் என்று ஒரே மூச்சில் சொல்லுவது அந்நாளைய காங்கிரஸில் வழக்கமாயிற்று.

இனிக் குருகுலத்தைப் பற்றிச் சொல்லுவோம். ஒத்துழையாமை இயக்கம் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிகளினின்று வெளியே அழைத்தது. வெளியே வந்த பிள்ளைகளுக்குத் தேசியக் கல்வி கொடுக்க வேண்டுமே! அதற்காக வ. வே. சு. ஐயர் 1922-ஆம் வருஷ முடிவில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலத்தைத் தொடங்கி, பிறகு தாமிரவருணிக் கரையில் சேரன்மாதேவிக்கு அதை மாற்றினார். ஐயர் யார் என்பதைத் தேசபக்தர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்தும் ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்காமல் பட்டத்தை உதறியவர். புதுச்சேரியில் பத்து வருஷம் அஞ்ஞாதவாசம் போல் இருந்தவர். 1921-ல் பெல்லாரிச் சிறையில் கம்பனை ஆராய்ந்தவர். அப்படிப்பட்டவர் பள்ளி வைக்கிறார் என்றால் பணம் வராமலிருக்குமா? செட்டிநாட்டிலிருந்து வந்தது, மலேயாவிலிருந்து வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 ரூபாயைக் கொடுத்தது. கொடுத்தவர்களில் மிகப் பலர் பிராமணரல்லாதார் என்பதை இங்கே குறித்துக்கொள்வது அவசியம்.

தாய்மொழியில் பாடம், வயல்வேலை, கைத்தொழில், தேகப்பயிற்சி, தேசபக்தி என்பவை குருகுலத்தின் திட்டம். திட்டத்தில் குறை சொல்லுவார் யாரும் இல்லை. ஆனால் பந்தியில் குறை இருந்தது. பிராமணப் பிள்ளைகள் இருவர் மற்றவர்களுடன் உட்காராமல் தனியாகச் சாப்பிட்டு வந்தார்கள். அவர்களுடைய பெற்றோர் அந்த நிபந்தனையின் பேரிலேயே பிள்ளைகளை விட்டார்கள் என்றும், தாம் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஐயர் சமாதானம் சொன்னார். தண்ணீரிலும் உணவிலும்கூட வித்தியாசம் உண்டென்று எதிர்த்தரப்பார் குற்றஞ்சாட்டினார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கோபம் என்று இத்தனை காலத்துக்குப் பின் நிறுத்துப் பார்க்க நாம் முயலப்போவதில்லை. தனிப்பந்தி ஒன்று இருந்தது என்பதை ஐயரே மறுக்கவில்லை. வழக்குக்கு அது போதும்.

ஐயருக்கு ஜாதி வேற்றுமையில் நம்பிக்கை இருந்ததென்று நாம் கருதவில்லை. கடல் கடந்து போய், பல மதத்தாரோடும் பல ஜாதியாரோடும் உண்டு, உயிரைத் துச்சமாக மதித்துப் புரட்சியில் ஈடுபட்டவர், இரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டு இலைக்காக ஆசாரத்தைத் தேடிப் பிடித்தார் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். அவருடைய குறை தாட்சண்யம். வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் ஒரு வாக்கைக் கொடுத்தார். அந்த வாக்கு அவருடைய சொந்த வீட்டைப் பற்றியதாயிருந்தால் அவரைக் கேட்பார் யாருமில்லை. பொதுப்பணத்தில் எழுந்த வீட்டைப் பற்றி, பணம் கொடுத்தவர்களைக் கேளாமல், அவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகளைத் தாழ்த்தும் ஒரு வாக்கைக் கொடுப்பதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. நாயுடு பற்றிக்கொண்ட புள்ளி இது. வக்கீல் தொழில் செய்த நமக்கு இதில் சந்தேகமே தோன்றவில்லை.

தர்ம சொத்துக்களைப் பற்றிய சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். கொடுத்த பணம் கொடுத்தவனுக்குச் சொந்தமல்ல, வாங்கியவனுக்கும் சொந்தமல்ல, அது எந்த நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது. 1908-ஆம் வருஷத்துச் சிவில் புரொசீஜர் கோடின் 92-ஆவது பிரிவின்படி, பொதுத் தர்மம் ஒன்றில் சம்பந்தமுள்ள இருவர் அந்நாளில் அட்வகேட் ஜெனரலின் அனுமதி பெற்றால் கணக்குக் கேட்டு வழக்குப் போட முடிந்தது. தர்மகர்த்தாவை நீக்கக் கோரலாம். நிர்வாகத்துக்குப் புதிய திட்டம் வகுக்கும்படியும் கோரலாம். இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. பச்சையப்ப முதலியார் 1794-ல் காலமான பின் அவருடைய தர்மப் பணம் வெகுகாலம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் சிரத்தை எடுத்துக்கொண்டதனாலும், கணக்குக் கேட்டவர்கள் விடாமல் கேட்டதனாலுமே 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடம் எழுந்தது. கணக்குக் கேட்பது தர்மத்தைக் கெடுப்பது என்று சொல்லுகிறவர்கள், கேளாமல் விட்டிருந்தால் பச்சையப்பன் கல்லூரி என்று ஒன்று இருந்திருக்குமா என்று யோசிக்கட்டும்.

நாயுடு கோர்ட்டைத் தேடிப் போகவில்லை. அவருடைய நியாயஸ்தலம் பத்திரிகை. தமிழ்நாட்டில் வாரந்தோறும் குருகுலத்தைப் பற்றிய கடிதங்களும் கட்டுரைகளும் வெளிவந்தன. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தேசத்தின் பெயரால் நடக்கும் பள்ளியில் தேசத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பந்தி வேண்டும் என்பதும், இல்லையேல் தேசத்தின் பெயரையும் பணத்தையும் விட்டுவிட வேண்டும் என்பதும் அவருடைய கட்சி. காங்கிரஸ் கமிட்டியின் மீதி 5,000 ரூபாயைக் கொடுக்கக்கூடாதென்று ஈ. வெ. ரா. தடுத்தார். அது காரியதரிசியாகிய தமக்குத் தெரியாமலே கொடுக்கப்பட்டுவிட்டது என்பது அவர் பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லி வந்த குறை.

1925 மார்ச்சில் காந்தியடிகள் வைக்கம் போகும் வழியில் தமிழ்நாட்டுக்கு வந்தார். பிணக்கு அவரிடம் போயிற்று. ஏற்கெனவே வாக்குக் கொடுக்கப்பட்ட இரு பிள்ளைகள் விஷயத்தில் ஐயர் வாக்கைக் காப்பாற்றிக்கொள்ளட்டும், இனிச் சேரும் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட சலுகை வேண்டாம் என்ற முறையில் மகாத்மா ஒரு வழி சொன்னார். நடைமுறைக்கு அது நல்ல வழி என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்குள் விவகாரம் இரண்டு பிள்ளைகளின் இலையைத் தாண்டிப் போய்விட்டது. ஊர்தோறும் பிராமணர், பிராமணரல்லாதார் என்று கட்சி பிரிந்துவிட்டது.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது. நாயுடு அப்பொழுது கமிட்டியின் தலைவர். தேசிய இயக்கத்தில் சேர்ந்த எந்த ஸ்தாபனமும் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார். ஆச்சாரியாரும் டாக்டர் ராஜனும் அதை ஒப்பவில்லை. தீர்மானம் 19-க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறியது. ஆச்சாரியார், ராஜன், சந்தானம் முதலியோர் கமிட்டியை விட்டு ராஜிநாமாச் செய்தனர். 1918-ல் கூண்டில் நின்றவரும் அவருக்காகக் கறுப்பங்கி போட்டுக்கொண்டவரும் இப்பொழுது எதிர் எதிர் வரிசையில் நின்றார்கள்.

ஆச்சாரியாரை வைதிகர் என்று எண்ணிவிடலாகாது. அந்த 1925-ஆம் வருஷம் பிப்ரவரியில்தான் அவர் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் திறந்திருந்தார். அங்கே தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் கூடவே வசித்தார்கள், பந்தி ஒன்றே. ராசிபுரத்திலிருந்து புதுப்பாளையம் வெகு தூரமல்ல, ஒரே சமவெளி. சமபந்தி வேண்டுமா என்பதில் இரு சேலத்துக்காரருக்கும் சண்டையே இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறருடைய ஆசாரத்தை அன்பினால் மாற்ற வேண்டும், கமிட்டியின் தீர்மானத்தால் நிர்ப்பந்திக்கலாகாது என்பது ஆச்சாரியாரின் கட்சி. அன்பினால் மாறும்வரை தாழ்ந்த பந்தியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன பதில் என்பது நாயுடுவின் கட்சி. தனி மனிதனுடைய வீட்டைப் பற்றிய பேச்சானால் ஆச்சாரியார் பக்கம் நியாயம் உண்டு. பொதுப் பள்ளியைப் பற்றியதாகையால் நாயுடுவின் பக்கமே நாம் தீர்ப்புச் சொல்லுவோம். பெற்றோர் தம் பிள்ளையைத் தனியாக உண்பிக்க விரும்பினால் வீட்டில் உண்பிக்கலாமே! ஊரார் பணத்தில் தனி இலை ஏன்?

ஆனால் தீர்ப்பு ஒருவர் பக்கம் என்பதனால் அவர் செய்ததெல்லாம் சரியென்று ஆகிவிடாது. கடலுக்கு அப்பாலிருந்து பணம் அனுப்பிய மலேயாத் தமிழன் விரும்பியது பள்ளி திருந்த வேண்டுமென்பது. பள்ளி விழ வேண்டுமென்பதல்ல. கிளர்ச்சி சூடேறியபோது இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மங்கிப் போயிற்று. ஐயரின் குற்றத்தைச் சொன்ன பேனாக்களில் சில, ஐயருடைய ஜாதி முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. தம்முடைய பத்திரிகை எழுப்பிய அனலை அடக்கும் வல்லமை நாயுடுவுக்கு இருந்தது. அதை அவர் போதிய அளவு உபயோகிக்கவில்லை என்று நாம் வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐயர் குருகுலத்தின் தலைமையை விட்டு விலகினார். 1925 ஜூன் 3-ஆம் தேதி பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது அவருடைய மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள். அவளைக் காப்பாற்றக் குதித்த தந்தையும் அவளுடன் போய்விட்டார். அவருக்கு வயது 44. தமிழ்நாடு முழுவதும் கட்சி பேதமின்றி அழுதது. தலைவனை இழந்த குருகுலம் பின்னர் தலைநிமிரவில்லை.

அந்த மரணத்தின் பழியை நாயுடுவின் தலையில் வைத்தவர்கள் உண்டு. அது அநியாயம். நீரில் வழுக்கியதற்கும் கமிட்டித் தீர்மானத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆயினும் குருகுல விவகாரத்தைப் பற்றி அமைதியாக விசாரிக்கும் வாய்ப்பை அந்தச் சாவு பறித்துவிட்டது. ஒரு பக்கத்தாருக்கு அது கண்ணீர்க் கதையாயிற்று. மறு பக்கத்தாருக்குப் போர்முரசாயிற்று. அவ்வருஷ நவம்பரில் காஞ்சீபுரம் மாநாட்டிலிருந்து ஈ. வெ. ரா. வெளியேறினார், அவர் போன வழி வேறு. நாயுடு உடனே அவர் பின்னே போகவில்லை. கேள்வி கேட்டவன் வீட்டை விட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று அவர் நினைத்தார் போலும்.

அதன் பின் கால் நூற்றாண்டு நாயுடுவின் வாழ்க்கை பல வழிகளில் ஓடியது. காங்கிரஸுடன் பிணங்கினார், ஹிந்து மகாசபையில் இருந்தார், மீண்டும் காங்கிரஸுக்கு வந்தார். 1932-ல் சென்னையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். இன்றளவும் நடக்கும் அந்தப் பத்திரிகையின் பெயரைத் தொடங்கியவர் ஆங்கிலத்தில் பெரிய படிப்பில்லாத ராசிபுரத்துக்காரர் என்பது ஒரு வேடிக்கை. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும். அது அவரிடம் நிற்கவில்லை. விரைவிலேயே சதானந்தத்தின் கைக்கும் பிறகு கோயங்காவின் கைக்கும் போயிற்று. இந்த வருஷங்களை நாம் வேகமாகக் கடந்து போகிறோம். பள்ளிக்கூடம் மறுபடியும் அவரைக் கூப்பிட்டது 1953-ல்.

அப்பொழுது ஆச்சாரியார் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி. அரசியல் சாசனத்தின் 45-ஆவது ஷரத்து, 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்கச் சர்க்கார் முயல வேண்டுமென்று சொல்லிற்று. கஜானாவில் பணம் இல்லை. ஆகவே ஆச்சாரியார் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வீதம் இரண்டு முறையாகப் பாடம் நடத்தத் திட்டம் வகுத்தார். ஒரு முறையில் படித்த பிள்ளை மற்ற வேளையில் தகப்பனுடைய தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதே வாத்தியார், அதே கட்டடம், இரு மடங்கு பிள்ளைகள். கணக்கு என்ற வகையில் சாமர்த்தியமான திட்டம்தான். ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு இல்லாத பாதி நாள் பள்ளி பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்று ஜனங்கள் கேட்டார்கள். குலத்தொழிலைக் கட்டிவிடும் கல்வி என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய குறை, சட்டசபையைக் கலக்காமல் அது அமலுக்கு வந்ததாகும். 1953 ஜூலையில் சட்டசபையில் திட்டத்தைக் கைவிட வேண்டுமென்ற தீர்மானத்துக்கு இரு பக்கமும் 138 வாக்குகள் விழுந்து, அது நிறைவேறாமற் போயிற்று. நிபுணர் கமிட்டியின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டுமென்ற தீர்மானம் நிறைவேறியது. பருலேகர் கமிட்டி திட்டத்தை ஆதரித்தது. கிளர்ச்சி அடங்கவில்லை.

எதிர்க்கட்சியார் எதிர்ப்பது இயல்பு. காங்கிரஸ் கட்சிக்குள்ளிருந்தே எதிர்ப்பவர்களைத் திரட்டியவர் நாயுடு. அறுபத்தாறு வயது, பழைய சிநேகிதர், பழைய எதிரி. 1925-ல் தனிப்பந்தியைப் பற்றிக் கேட்டவர், இப்பொழுது தனிப்பள்ளியைப் பற்றிக் கேட்டார். தறிக்காரன் மகன் அரை நாள் தறியில் உட்கார வேண்டும் என்றால், ராசிபுரத்தில் பிறந்தவருக்கு அதன் அர்த்தத்தைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. நேருவுக்கு முறையீடு போயிற்று. தலைமை மாற வேண்டும் என்று கட்சிக்குள் கையெழுத்துக்கள் சேர்ந்தன. 1954 மார்ச்சில் உடல்நலத்தைக் காரணங்காட்டி ஆச்சாரியார் விலக முடிவு செய்தார்.

புதிய தலைவர் தேர்தலில் காமராஜரின் பெயரை முன்மொழிந்தவர் வரதராஜுலு நாயுடு. ஆச்சாரியாரின் ஆதரவு பெற்று எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். காமராஜருக்கு 93 வாக்குகளும் சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜர் பதவியேற்றார். தோற்ற சுப்பிரமணியத்தையே கல்வி மந்திரியாகவும் வைத்துக்கொண்டார். மே 18-ஆம் தேதி அந்தத் திட்டம் கைவிடப்பட்டதாகச் சட்டசபையில் அறிவித்ததும் அதே சுப்பிரமணியந்தான். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோட்டுக் கிராமங்களின் பிள்ளைகளுக்கு முழு நாள் பள்ளி திரும்பி வந்தது.

புதிய மந்திரிசபையில் நாயுடு இடம் பெறவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1957-ல், காலமானார்.